ஐந்து அசைச் சொல்

நம் வகுப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருத்தி பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் படத்தைப் போட்டு, ஆளுக்கொரு ஞாபகம் எழுதுங்கள் என்றாள். பாதிப் பேர் இங்கிலீஷ் மாஸ்டரைத்தான் எழுதியிருந்தீர்கள். அறுபதைத் தாண்டிய பிறகு பயமெல்லாம் சிரிப்பாகிவிடுகிறது போல. ஒருத்தி மட்டும் என்னைக் கேட்டிருந்தாள்: "பண்டாரவளை இங்கிலீஷ் போட்டிக்கு உன்னோட பேரத்தானே குடுத்தாங்க, நீ ஏன் வரல? காய்ச்சல்னு சொன்னாங்களே."

காய்ச்சல் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரின் அடிமட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் பித்தளைத் தகடு பதித்த நீள மரக்கட்டை. கரும்பலகையில் ஒரு நீளமான இங்கிலீஷ் சொல்லை எழுதுவார். நாம் அதை அசை அசையாகப் பிரித்துக் கை தட்ட வேண்டும். எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அங்கே ஓங்கித் தட்ட வேண்டும். இடம் தவறினால் அடிமட்டம் நம் விரல் முட்டியில் விழும். போட்டோகிராப் என்றால் முதல் அசையில் அடி. போட்டோகிராபர் என்றால் இரண்டாவது. போட்டோகிராபிக் என்றால் மூன்றாவது. "வால் ஒட்டுனா அடி எடம் மாறும்" என்பார். ஷன் என்று முடிகிற சொல்லானால் அதற்கு முந்தின அசையில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். பதுளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு தடித்தது என்பது அவருடைய முடிவு. "கொழுந்து மென்ன வாய்க்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு வந்தது. அடிக்குப் பயந்து வந்ததா, ஆசையில் வந்ததா, தெரியாது. வழியில் கண்ட எழுத்தையெல்லாம் உடைத்துப் பார்ப்பேன். டின்பால் பேணி, உரச்சாக்கு, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்கு வரும் பெட்டிகள். டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்கப் போனால் அங்கே ஒரு வெள்ளி நிறப் பெட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும். மூடியில் எழுத்து பதித்திருக்கும். ஸ்டெ-ரி-லை-ஸர். நான் உதட்டை அசைத்துப் படிப்பதைப் பார்த்து டொக்டரையா சிரித்தார். டொக்டரையா என்று கூப்பிட்டாலும் அவர் டொக்டர் இல்லை, தோட்டத்து மருந்துக்காரர். "ஊசியக் கொதிக்க வச்சு சுத்தம் பண்ற பெட்டி" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே நடந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்குக் கீழே. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கு இங்கிலீஷில் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய ஆட்கள் என் எதிரில் குந்தி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுகம் லேசுப்பட்டது இல்லை.

அடுத்த காம்பராவில், எங்கள் அறையை ஒட்டின அறையில், சித்தி இருந்தாள், அப்பாவின் தம்பி பெண்சாதி. மூன்று பெண்பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள், கொழுந்து எடுப்பதில் அவள் கை வேகத்துக்கு மலையில் ஆள் இல்லை. மூன்றாவது பிள்ளை பிறந்தபோது லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் இரத்தம். விரித்திருந்த படங்குச் சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அம்மா என்னைத்தான் மலைத் தண்ணீர் விழும் பீலியில் அலசச் சொன்னாள். பீலித் தண்ணீர் நிற்காமல் கொட்டியது. சிவப்பாகப் போய், பிறகு ரோஸாகப் போய், தண்ணீர் நிறம் திரும்புவதற்குள் என் விரல் மரத்துப்போய்விட்டது. பதினைந்து நாள் கழித்து சித்தி வந்தாள். முகம் நனைந்த சாம்பல் மாதிரி இருந்தது.

சித்தப்பா கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், பொஞ்சாதி மேல் கைநீட்டமாட்டார். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை மிட்டாய் வாங்கிவருவார். ஆனால் மூன்றாவது பிள்ளை தவழத் தொடங்கிய பிறகும் கூரை வளையில் கட்டியிருந்த தொட்டில் கயிற்றை அவிழ்க்கவில்லை. "இருக்கட்டும், அடுத்தது பையன்தான்" என்பார். சித்தி கயிற்றை நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் டிஸ்பென்சரியிலிருந்து சில பெண்களுக்குத் தாள் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை லொறி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும், புருஷன் கையெழுத்து வைத்துக் கொண்டுவர வேண்டும். தாளில் ஒரு பக்கம் சிங்களம், ஒரு பக்கம் இங்கிலீஷ். தமிழ் இல்லை. எங்கள் ஆட்கள் கடைவீதியில் சிங்களம் பேசுவார்கள், ஆனால் லயத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பின்னேரம் சித்தப்பா தாளோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார். பின்னால் சித்தி, இடுப்பில் சின்னப்பிள்ளை. அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தாளில் மை வாசம் இருந்தது. நான் விரலால் பலகையில் தட்டித் தட்டிப் படித்தேன்.

"ஸ்டெ-ரி-லை-ஸே-ஷன்."

ஐந்து அசை. நாலாவதில் அடி. பிசகவில்லை.

"அப்டின்னா என்னாம்மா?" என்றார் சித்தப்பா.

"ஸ்டெரிலைசர்னா ஊசிய சுத்தம் பண்ற பெட்டி. ஷன்னு முடிஞ்சா அந்த வேல. சுத்தம் பண்ற வேலை, சித்தப்பா."

"வயித்தையா?"

"ஆமா. உள்ள."

கீழே இன்னொரு நீளச் சொல் இருந்தது. இர்-ரி-வெர்-ஸி-பிள். அதையும் உடைத்தேன். "ரிவர்ஸ்னா திரும்புறது. முன்னால இர் வந்தா இல்லன்னு அர்த்தம். திரும்பி வராது. சுத்தம் பண்ணிட்டா நோய் திரும்பி வராது."

"நல்லதுதானே" என்று சித்தப்பா தமிழில் கையெழுத்து வைத்தார். அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். சித்தி பெருவிரலை வைத்தாள். "பிள்ள எவ்வளவு வெளங்கப் படிக்குது" என்று அம்மாவிடம் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கீழ் லயத்து அக்கா வந்தாள். கலியாணம் முடித்து நாலு வருஷம், ஒரே ஒரு பிள்ளை, அடிக்கடி வயிற்று வலி. வலி போவதற்கு என்று சொல்லித்தான் அவளுக்கு அந்தத் தாளைக் கொடுத்திருந்தார்கள். அதே தாள், அதே சொல். அதே விளக்கத்தைச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவள் புருஷனும் விரலை வைத்தான்.

புதன்கிழமை காலை பள்ளிக்கூடம் போகும்போது ஸ்டோருக்கு மேலே இருக்கும் வளைவில் லொறி நின்றது. எதிரே மண் சரிந்து கிடந்தது. பின்னுக்குப் போக இடமில்லை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கிளீனர் பலகையில் தட்டி "ரிவர்ஸ் வராதுண்ணே, முடியாது, ரிவர்ஸ் முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்துப் பேர் மண்ணை வெட்டி வழிவிட்டால்தான் உண்டு.

நான் கடந்து போய்விட்டேன். ஹல்துமுல்லைக் கடைகள் தெரியும் இடத்தில்தான் மனதில் தட்டியது. பிள் என்று முடிந்தால் முடியும் என்று அர்த்தம். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். அப்படியானால் இர்ரிவெர்ஸிபிள் என்பதற்கு அர்த்தம் திரும்பி வராது என்று இல்லை. திருப்ப முடியாது. நோயைச் சுத்தம் பண்ணினால் அதில் திருப்புவதற்கு என்ன இருக்கிறது?

முதல் பாடமே இங்கிலீஷ். எழுந்து நின்று அந்த ஐந்து அசைச் சொல்லைச் சொல்லி அர்த்தம் கேட்டேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மாஸ்டர் அடிமட்டத்தை மேசையில் வைத்தார்.

"அழுத்தம் சரி" என்றார். "அர்த்தம் பொம்பளப் பிள்ளைக்குத் தேவையில்ல. உக்காரு."

அவர் முகம் சிவந்திருந்தது.  இடைவேளை மணி அடிக்கும்வரை நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. நீங்கள் எல்லாரும் வெளியே ஓடினீர்கள். மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் மேசை மேல் இருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியை நாம் தொடக்கூடாது. தொட்டேன். தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. எஸ், எஸ்டி, ஸ்டெரைல். பக்கத்தில் மூன்று அர்த்தம் போட்டிருந்தது. மலடான. விளைவற்ற. கிருமியற்ற.

நான் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு லயம் முழுக்கக் கொடுத்திருந்தேன்.

லொறி காலைக் கொழுந்து நிறுத்த பிறகு புறப்படும். பதினொரு மணிக்குள் நிறுத்து முடியும். ரோட்டு வழியே போனால் ஆகாது. தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப்பாதையில் ஓடினேன். மழை பெய்து ஓய்ந்த நேரம், படிக்கல் எல்லாம் பாசி. இரண்டு தடவை விழுந்தேன். ஒரு செருப்பு கான் வாய்க்காலில் போனது, மற்றதையும் விட்டுவிட்டேன். காலில் அட்டை ஏறியது தெரிந்தும் நிற்கவில்லை. கீழே லொறியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மண்ணை வெட்டி வழிவிட்டிருக்கிறார்கள். சத்தம் நிற்கும்போதெல்லாம், நான் இறங்குவதற்குள் போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. நிறுவை மடுவத்துக் கொட்டகைக்கு முன்னால் நின்றது. மேலே நாலு பெண்கள், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, துணி மூட்டையோடு. சித்தி ஓரத்தில் இருந்தாள். சித்தப்பா அவளிடம் தேத்தண்ணிப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து நிறுக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். டொக்டரையா கையில் தாள்களை வைத்திருந்தார்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். அது சுத்தம் பண்றது இல்ல. இனிமே பிள்ளையே பொறக்காமப் பண்றது. திருப்பவே முடியாது."

 கீழ் லயத்து அக்கா என்னைப் பார்த்தாள், டொக்டரையாவைப் பார்த்தாள். "அய்யா, வயித்து வலிக்குன்னுதானே சொன்னீங்க" என்றாள். அவர் தாள்களைப் புரட்டினார். அவள் மூட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, சக்கரத்தில் கால் வைத்து இறங்கினாள்.

ஆறு பிள்ளை பெற்ற மேட்டு லயத்து அம்மா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. "எனக்குத் தெரிஞ்சுதான்டி போறேன்" என்றாள் என்னிடம். "எறங்குறவ எறங்கட்டும்." அவள் பக்கத்தில் இருந்தவளும் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டாள்.

சித்தப்பா சித்தியின் கையைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை. "வா, எறங்கு" என்றார். சித்தி ஒரு கையால் லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்த விரல்கள் பலகையை விட மாட்டாமல் விட்டதை நான் பார்த்தேன். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது.

நான் கத்தியதற்குத் தண்டனையாக அப்பாவை அந்த வாரமே ஸ்டோர் வேலையிலிருந்து எடுத்து மலையில் கான் வெட்டப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அகராதியைத் தொட்டதற்கும், சொல்லாமல் ஓடியதற்கும் போட்டிக்குக் கொடுத்த என் பெயரை மாஸ்டர் அடித்துவிட்டார். காய்ச்சல் என்று உங்களுக்குச் சொன்னது அவர்தான். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. லயத்தில் பெண்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரொட்டி கொடுத்தார்கள்.

சித்தி மட்டும் என்னோடு பேசவில்லை. பதினைந்து நாள் போனது. ஒரு காலை பீலியில் நானும் அவளும் தனியாக அகப்பட்டோம்.

"சித்தி, ஏன் எங்கூடப் பேசமாட்டேங்குறீங்க? நான் ஒங்களக் காப்பாத்தத்தானே ஓடியாந்தேன்."

அவள் குடத்தைப் பீலிக்கு நேரே வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில்தான் பேசினாள்.

"அந்தக் கடுதாசி என்னான்னு எனக்குத் தெரியும். மிஸ்ஸி முன்னாடியே சொல்லிட்டா. இன்னொண்ணு பெத்தா நீ தாங்கமாட்டன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தான் அனுப்புனாங்க. ஒங்க சித்தப்பாகிட்ட சொன்னா கையெழுத்து வைப்பாரா? நீ சுத்தம்னு படிச்ச. நான் வாயத் தெறக்கல."

மிஸ்ஸி என்பது தோட்டத்து மருத்துவிச்சி. 

"ஊருக்கே சொன்னியே. என்னைய ஒரு பக்கமாக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

திட்டவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சேற்றில் கால் பார்த்து வைத்துப் போனாள்.

அம்மாவிடம் சொன்னேன். "இது பெரியவங்க சமாச்சாரம். நீ செஞ்சது போதும், வாய மூடிட்டு இரு" என்றாள். அம்மாவுக்கும் பயம், அப்பாவின் ஸ்டோர் வேலை போனது ஞாபகத்தில் இருந்தது. சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. அதைத்தான் இத்தனை வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை. மலையிலிருந்து ஓடிவந்து அத்தனை பேர் நடுவில் கத்தத் தெரிந்த எனக்கு, அடுத்த காம்பராவுக்குப் போய் ஒரே ஒரு ஆளிடம் மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை. போவேன். சித்தப்பா மிட்டாய் நீட்டுவார். வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அடுத்த வருஷம் கீழ் லயத்து அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. "ஒன்னாலதான் இவ" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். அப்போது சித்திக்கு ஆறு மாதம். நான் பிள்ளையைத் தொடாமலே உள்ளே போய்விட்டேன். அக்கா முகம் வாடிப்போனது.

அந்த மூன்று மாதமும் நான் சித்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கால் வீங்கியதை, படி ஏறும்போது நிற்பதை. தண்ணீர் சுமப்பதை நான் எடுத்துக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாள் என் தலையில் பேன் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

வலி விடியற்காலை வந்தது. லொறியில் ஏற்றினார்கள், அம்மா கூடப் போனாள். ஹப்புத்தளையைத் தாண்டி பையன் பிறந்தான் என்று அம்மா பிறகு சொன்னாள். பண்டாரவளைக்குப் பிறகு சித்தி பேசவில்லை. பதுளையில் இறக்கியபோது டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாராம்.

சாவு வீட்டுக் கூட்டம் கலைந்த மறுநாள் காலை. வாசல்படியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே பையன் அழுதுகொண்டே இருந்தான். டின்பாலைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைத்தால் துப்பினான். அம்மா மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கண் சொருகியது. முதல் நாள் இரவிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. சத்தம் குறைந்து குறைந்து பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

சாவு வீட்டில் மிஸ்ஸி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு அவ தெரிஞ்சுதான் லொறியில ஏறுனாளா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"ஆமா சித்தப்பா."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"நான் ஓடியாந்ததுக்கு அப்புறம். சித்தி சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவங்களா?"

"நீங்க ரெண்டு பேரும்."

 அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ கணக்கில் வராத ஒன்றுக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி. பிறகு எழுந்து உள்ளே போக முயன்று, நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அப்போதுதான் கீழ் லயத்து அக்கா படியேறி வந்தாள். தன் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பா நகர்ந்து வழிவிட்டார். உள்ளே வந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். அம்மாவின் மடியிலிருந்து பையனை எடுத்து மாராப்புக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.  பிறகு அவன் விழுங்கும் சத்தம் கேட்டது.

அக்காவின் பிள்ளை கனமாக, சூடாக இருந்தாள். நான் அவளை அதுவரை தொட்டதில்லை. அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். பையன் குடித்து முடிகிறவரை விடவில்லை.